பதிவேட்டில் ஏறாத இருமல்: அச்சங்குளம் வட்டாரத்தில் நோயாளரும் பொதுச் சுகாதார அலுவலரும்

கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு நோயைப் பற்றி மக்களிடையே விழிப்புணர்வு உண்டாவதில், அந்நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அரசின் பொதுச் சுகாதார அலுவலர்களுக்கும் இடையே அமையும் உறவுக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரும் காசநோயிலிருந்து மீண்டோரும் கடந்த முப்பது ஆண்டுகளில் இத்தகைய உறவைத் தாங்களே முயன்று ஏற்படுத்திக்கொண்டார்கள். அதன் விளைவாக அந்த இரு நோய்களையும் பற்றி அரசு பேசும் முறையும் ஊர் பேசும் முறையும் கணிசமாக மாறின. அதே மாநிலத்தில், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரங்களில், ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையிலுள்ள பட்டாசு ஆலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் மக்களோ இறந்தவர், காயமுற்றவர், வேலையிழந்தவர் என்ற பெயர்களில்தான் பொதுவெளிக்கு வந்து சேர்கிறார்களே தவிர, நோயாளர் என்ற பெயரில் வருவதில்லை.

2021 பிப்ரவரி 12 அன்று இவ்வட்டாரத்திலுள்ள அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்தோர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாயும், காயமுற்றோருக்குத் தீக்காயத்தின் விழுக்காட்டுக்கு ஏற்ற தொகையும் வழங்க வழிவகுத்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. உடம்பில் எத்தனை விழுக்காடு வெந்தது என்று அளந்து எழுத முடிந்ததால்தான் அதற்குத் தொகை குறிக்க முடிந்தது. அளந்து எழுதும் ஏற்பாடு இல்லாத பாதிப்புக்கு இதே வழி திறப்பதில்லை.

இங்கே ‘பதிவேடு’ என்ற சொல் ஒரு நோயை அரசு பெயரிட்டு, எண்ணி, யாருக்கு வந்தது என்று எழுதிவைத்து, அதன்மேல் நடவடிக்கை எடுக்கக் கடமைப்படும் முழு ஏற்பாட்டையும் குறிக்கிறது. ‘உறவு’ என்பது முகம் தெரிந்த பழக்கத்தோடு, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் சேர்ந்திருக்கும் நிலையைக் குறிக்கிறது. எச்.ஐ.வி.யிலும் காசநோயிலும் விழிப்புணர்வு வேரூன்றியதற்கு இவை இரண்டும் ஒன்றுசேர்ந்ததே காரணம் என்பதும், இரண்டில் ஒன்று மட்டும் இருக்கும் இடத்தில் நேரும் இழப்பை விருதுநகர் மாவட்டமே இருவேறு வகைகளில் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விழிப்புணர்வு யாருடைய பேச்சு

வழக்கமான புரிதலில், விழிப்புணர்வு என்பது அலுவலர் பேச மக்கள் கேட்பது. நோயாளர் அந்தப் பேச்சின் பொருளாக மட்டும் இருப்பார். பேரணி, துண்டறிக்கை, சுவர் விளம்பரம், பள்ளி மாணவர்களின் உறுதிமொழி ஆகிய எல்லாமே இந்தப் புரிதலில் பிறந்தவை. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம் இதற்குப் பலரும் மறக்காத எடுத்துக்காட்டு. அந்தக் கேள்வி தெருவெல்லாம் பேச்சாயிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் புள்ளிராஜா ஒரு கற்பனை மனிதர். தொற்றுடன் உண்மையில் வாழும் ஒருவர் அந்த விளம்பரத்தில் வாய் திறக்கவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சென்னையில் வேறொரு வகைப் பேச்சு தொடங்கியிருந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர், 1994-இல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. 1997-இல் தொற்றுடன் வாழ்வோரின் இந்திய வலையமைப்பும், 1998-இல் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா முன்னின்று தொடங்கிய பெண்களின் வலையமைப்பும் சென்னையிலிருந்து செயல்படத் தொடங்கின. தம் நிலையைத் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டு அவர்கள் கல்லூரிகளிலும் காவல் நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பேசினார்கள். இப்பேச்சைக் கேட்டவர்களில் சுகாதாரப் பணியாளர்களும் இருந்தார்கள் என்பது இங்கே முக்கியமானது. கையுறையின்றித் தொட அஞ்சிய செவிலியரும், தனி அறைக்குத் தள்ளிவைத்த மருத்துவரும், நோயாளரிடமிருந்து கற்க வேண்டியவர்களாக அமர்ந்த நிலை அதுவரை தமிழ்நாட்டு மருத்துவமனைகள் அறியாதது.

உலக அளவில் இதற்கு முன்வரலாறு உண்டு. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளர், தம்மைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு மேசையிலும் தமக்கு இடம் வேண்டுமென்று கோரினர். 1994-இல் பாரிஸில் கூடிய 42 நாடுகள் அக்கோரிக்கையைக் கொள்கையாக ஏற்றன. இந்த இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டீவன் எப்ஸ்டீன், நோயாளர் தம் அனுபவத்தோடு மருத்துவ அறிவியலின் மொழியையும் கற்றுக்கொண்டதால்தான் ஆய்வாளர்களுக்குச் சமமாக அமர முடிந்தது என்று விளக்குகிறார். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிந்தைய உக்ரைனை ஆராய்ந்த அட்ரியானா பெட்ரினா வேறொரு கோணத்தைத் தருகிறார். அங்கே பாதிக்கப்பட்டவர் என்ற அரசுச் சான்று பெற்றவர்களே உதவியும் உரிமையும் கோர முடிந்தது. உடலின் சேதமே குடியுரிமையின் அடிப்படையானது. அவர் இதனை ‘உயிரியல் குடியுரிமை’ என்று பெயரிட்டார். எப்ஸ்டீன் கற்றலுக்கு முதலிடம் தருகிறார், பெட்ரினா சான்றுக்குத் தருகிறார். விருதுநகர் மாவட்டத்தைப் பொறுத்தவரை இரண்டாவது விளக்கமே முதலில் பொருந்துகிறது என்றாலும், அது மட்டும் போதாது என்பதற்குச் சாத்தூரே சான்று.

பதிவேடு இருந்தும் உறவு இல்லாதபோது: 2018, சாத்தூர்

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காகச் சிகிச்சை பெற்ற ஒரு கர்ப்பிணிக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையின்போதுதான் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தாமே ரத்த வங்கிக்குத் தகவல் தந்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அவர் 2016-இல் ஒரு ரத்ததான முகாமில் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தென்பட்டிருந்தும், அச்செய்தி அவரிடம் சேராமலே போயிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. குற்றவுணர்வு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவர், அந்த மாத இறுதியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஆய்வகத் தவறு என்ற அளவிலேயே விவாதிக்கப்பட்டது. தொற்று உடலில் புகுந்தும் பரிசோதனையில் தென்படாத தொடக்க நாட்களைச் ‘சாளரக் காலம்’ என்பர். இங்கே அந்த விளக்கத்துக்கு இடமில்லை, ஏனெனில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தொற்று பதிவாகியிருந்தது. பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதும், பரிசோதனை முறைகளை இறுக்க வேண்டும் என்று பேசப்பட்டதும் சரியே. ஆயினும் மற்றொரு பக்கம் கவனம் பெறவில்லை. அந்த இளைஞர் 2016 முதலே பதிவேட்டில் இருந்தார், ஆனால் எழுதப்பட்டதை அவருக்குச் சொல்லும் ஒருவர் இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, இந்நிகழ்ச்சிக்கு மூன்று மாதங்களுக்குச் சற்றுக் குறைவான கால அளவுக்கு முன், 2018 செப்டம்பர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருவரின் ஒப்புதலின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்று வகுக்கும் அச்சட்டம், உரிமம் பெற்ற ரத்த வங்கியின் பரிசோதனைக்கு விலக்கு அளிக்கிறது. ரத்தத்தின் பாதுகாப்புக்கு இவ்விலக்கு தேவையே, அதேவேளை, நம்பிக்கை மையங்களில் (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அரசு மையங்களுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் இது) பரிசோதனைக்கு முன்னும் பின்னும் நடக்கும் உரையாடல் ரத்த வங்கியில் எளிதில் விடுபட்டுப்போகிறது.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். இந்தத் துயரத்தில் பொதுச் சுகாதாரத்தின் கடமையை முதலில் நிறைவேற்றியவர் நோயாளரான அந்த இளைஞரே. தாம் தண்டிக்கப்படலாம், தூற்றப்படலாம் என்று தெரிந்தும், யாருக்கோ ஆபத்து நேரக் கூடாதென்று தாமே போய்ச் சொன்னார். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளவும், சொன்னவரைத் தாங்கிக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அவர் இன்று அவ்வட்டாரத்தின் மிக வலுவான விழிப்புணர்வுக் குரலாக வாழ்ந்திருக்கக்கூடும்.

காசநோய்: மேசையின் மறுபக்கம் ஒரு நாற்காலி

காசநோயில் பதிவேட்டின் வரலாறு நீளமானது, அதற்குத் தமிழ்நாடே ஒரு திருப்புமுனை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், நோயாளர் சானடோரியத்தில் தங்காமல் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டு குணமடையலாம் என்று 1959-இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் உலகுக்கு நிறுவிக் காட்டியது. நோயாளர் வீட்டிலிருந்தால் அலுவலர் அவரைத் தேடிப் போக வேண்டும், மாத்திரை எடுத்தாரா என்று கேட்க வேண்டும். காசநோய்த் திட்டத்தில் அட்டையும் பதிவேடும் வீட்டு வருகையும் பிரிக்க முடியாதபடி பிணைந்தது இவ்வாறுதான். 2012 முதல் தனியார் மருத்துவரும் ஒவ்வொரு காசநோயாளரையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. 2018 முதல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது.

இந்தப் பிணைப்பின்மேல்தான் நோயாளரின் பங்கேற்பு எழுந்தது. சென்னையில் 1999-இல் தொடங்கப்பட்ட ரீச் அமைப்பு, குணமடைந்தவர்களைப் பயிற்றுவித்து ‘டி.பி. சாம்பியன்’களாக ஊர்களுக்கு அனுப்புகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், குணமடைந்தோரையும் உறுப்பினராகக் கொண்ட மாவட்டக் காசநோய் மன்றம் என்ற அமைப்புக்கும் தேசியத் திட்டத்தில் இடமுண்டு. ஆறு மாதம் மாத்திரை உண்டவருக்குத் தெரியும்: எந்த வாரத்தில் குமட்டல் தாங்காமல் நிறுத்தத் தோன்றும், உடம்பு தேறியதும் ஏன் மாத்திரை மறந்துபோகும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதை மறைக்க வேண்டியிருக்கும். இவற்றைச் சொல்லும்போது மருத்துவரைவிட அவர் பேச்சுக்கு எடை கூடுகிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கண்டறியப்பட்ட நாளிலேயே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலைமை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. துணையின்றி நிற்க முடிகிறதா என்ற கேள்வி எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடியது. நோயாளரும் அலுவலரும் ஒரே மொழியில் பேச முடிந்த அபூர்வமான இடம் அது.

குறைகளும் இல்லாமல் இல்லை. மன்றத்தில் அமரும் நாற்காலி பல நேரங்களில் கையெழுத்துக்கான நாற்காலியாகவே நின்றுவிடக்கூடும்; நல்ல மனம் கொண்ட காசநோய்த் துணை இயக்குநர் மாற்றலாகிப் போனதும் அவரோடு வளர்ந்த நெருக்கமும் போய்விடும். எழுதிவைத்த கடமை இருந்தால் மட்டுமே அடுத்து வருபவரிடமும் அதே கேள்வியைக் கேட்க முடியும்.

‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

பட்டாசுத் தொழிலில் வெடிக்கும் கலவைக்குப் பெயர் மருந்து. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்துவது, மணிமருந்து என்று அச்சங்குளத்தைச் சுற்றிய ஊர்களில் அன்றாடம் புழங்கும் சொற்களில், மருத்துவமனைச் சீட்டோடு வரும் மருந்துக்கும் ஆலையில் தாள் குழாய்க்குள் இறங்கும் மருந்துக்கும் பேச்சில் வேறுபாடில்லை. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி, அலுமினியப் பொடி, வண்ணத்துக்குச் சேரும் ஸ்ட்ரான்சியம் உப்புகள், 2018-இல் தடை வரும்வரை சேர்ந்த பேரியம் உப்புகள் ஆகியவையே இந்த மருந்து. அலுமினியப் பொடி புழங்கும் அறையில் வேலை செய்தவரின் கையிலும் கழுத்திலும் ஈயம் பூசினாற்போன்ற ஒரு மினுக்கம் படிந்துவிடும். சேலைக்கு மேல் ஆண்களின் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும் பெண்களின் காது மடலுக்குப் பின்னாலும் நக இடுக்கிலும் அது குளித்த பிறகும் தங்கும். தோலில் கண்ணுக்குத் தெரிவது மூச்சோடு உள்ளே போவதைக் கண் காண்பதில்லை.

சிவகாசியைப் பற்றிய பொதுப்பேச்சு இதுவரை மூன்று செய்திகளைச் சுற்றியே நடந்திருக்கிறது. முதலாவது குழந்தைத் தொழில். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதன் உச்சம். இரண்டாவது விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதுக்கு அருகில் உயிர்கள் போனதும், 2021-இல் அச்சங்குளம் அதிர்ந்ததும் அதன் மைல்கற்கள். மூன்றாவது புகை. 2015-இல் தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் சார்பில் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கே, 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த தீர்ப்புக்கு இட்டுச்சென்றது. தீபாவளி இரவில் புகையை உள்ளிழுக்கும் குழந்தையின் நுரையீரல் அவ்வழக்கில் வாதிடப்பட்டது நியாயமே. ஆனால் அதே பேரியம் நைட்ரேட்டை ஆண்டெல்லாம் கையாண்ட தொழிலாளர் அந்த வழக்கில் பிழைப்பாக மட்டுமே நின்றார். எத்தனை லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்ட இடத்தில், அவர்களுடைய நெஞ்சுக்கூட்டைப் பற்றி எந்தத் தரப்பும் பேச முன்வரவில்லை.

இதன் காரணம் ஏட்டமைப்பில் இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம், 1948, ஆலை மேலாளரும் சிகிச்சையளிக்கும் மருத்துவரும் தலைமை ஆய்வாளருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 29 நோய்களை மூன்றாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. ஈய நச்சு, பாஸ்பரஸ் நச்சு, சிலிகாசிஸ், தோல் அழற்சி, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை ஆகியவை அதில் உண்டு; அலுமினியப் பொடியால் வரும் நுரையீரல் கேடும் பேரிய நச்சும் இல்லை. தீக்காயத்தோடு பிழைத்தவர் நிலையும் இதை ஒத்ததே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் அமில வீச்சால் உருக்குலைந்தவர் தனி வகையாக இருக்கிறார். நெருப்பால் உருக்குலைந்தவர் இல்லை. கையோ காலோ சுருங்கி அசைவு குன்றினால் அந்தக் கணக்கில் அவர் சேரலாமே ஒழிய, முகம் வெந்தது தனியே கணக்கில் வராது.

மேலும், நோயாளர் எந்த அலுவலரோடு உறவு கொள்வது என்பதே இங்கு தெளிவாயில்லை. வெடிபொருள் உரிமம் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடமும் மாவட்ட வருவாய் நிர்வாகத்திடமும் இருக்கிறது; அதனாலேயே, உரிமம் தந்த அலுவலகத்தை வைத்து, நாக்பூர் லைசன்ஸ், சென்னை லைசன்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசன்ஸ் என்று ஆலைகளையே பிரித்துப் பேசுகிறார்கள். ஆலைக்குள்ளான உடல்நலம் தொழிலாளர் துறையின் கீழுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. காப்பீடு பெற்றவர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்குத்தகைக்கு விடப்பட்ட அறையில் பெயரின்றி வேலை செய்பவருக்கு அதுவும் கிட்டாது. ஊரில் இருமுபவரைப் பார்ப்பதோ பொதுச் சுகாதாரத் துறையின் கிராம சுகாதார செவிலியர். விருதுநகர் வருவாய் மாவட்டத்துக்குள் சிவகாசி தனிச் சுகாதார மாவட்டமாகவே இயங்குகிறது. ஆயினும் ஆலைக் கதவு அந்தச் செவிலியருக்குத் திறப்பதில்லை, ஊர்த் தெரு தொழிலக ஆய்வாளரின் எல்லைக்குள் வருவதில்லை.

எனவே சாத்தூரில் கண்டதற்கு நேர்மாறான நிலை இங்கே நிலவுகிறது. உறவு இருக்கிறது. யார் வீட்டில் யார் இரவெல்லாம் இருமுகிறார் என்பது செவிலியருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலருக்கும் தெரியும், அவர் அதே தெருக்காரர். ஆனால் அவர் கையிலுள்ள ஏட்டில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இருக்கும் இடம் மருந்து செலுத்தியவரின் மூச்சிரைப்புக்கு இல்லை. இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது; சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தால் காசநோய்த் திட்டத்தின் பொறுப்பு அங்கே முடிகிறது. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியவர் யார் என்று எந்த ஏடும் சொல்வதில்லை.

மாற்று விளக்கங்கள்

இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். பதிவேடு இல்லாததால் மௌனம் நிலவவில்லை, பிழைப்பு போய்விடும் என்ற அச்சத்தால் நிலவுகிறது என்பது முதல் மறுப்பு. இதில் பெரும் உண்மை இருக்கிறது. 2018 தீர்ப்புக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்து முடித்த உருப்படிக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு, ஆய்வுக்கு வரும் அலுவலர் ஆலையைப் பூட்ட வருபவராகவே தோன்றுகிறார். மானாவாரிக் கரிசல் மண்ணில் மாற்று வேலை எளிதில் கிடைப்பதுமில்லை. எனினும் எச்.ஐ.வி.யில் நிலையை வெளியே சொன்னவர்களும் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அவர்கள் பேசத் துணிந்ததற்கு, 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய கூட்டு மருந்து சிகிச்சை ஒரு முக்கியமான காரணம். சொன்னால் கிடைப்பது ஒன்று இருந்தது. பட்டாசுத் தொழிலாளருக்குச் சொன்னால் போவது மட்டுமே தெரிகிறது. ஆக, அச்சமும் பதிவேட்டின் இன்மையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாவது மறுப்பு மருத்துவம் சார்ந்தது: அலுமினியப் பொடியின் கேடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் அலுமினியப் பொடி ஆலைகளில் நுரையீரல் தடித்துச் சுருங்கும் நோய் விவரிக்கப்பட்டது. அந்தப் பொடியின் நுண்மையும் பூச்சும் வேறு என்று வாதிடலாம். இதற்குக் கனடாவின் வரலாறு எதிர்பாராத ஒளி தருகிறது. 1943 முதல் 1979 வரை ஒன்டாரியோ மாநிலத்துச் சுரங்கங்களில், வேலைக்கு இறங்கும் முன் தொழிலாளரை உடை மாற்றும் அறைக்குள் அடைத்து, ‘மெக்கின்டயர் பவுடர்’ என்ற நுண்ணிய அலுமினியப் பொடியைக் காற்றில் ஊதி, ஆழ மூச்சிழுக்கச் சொன்னார்கள். சிலிகாசிஸ் வராமல் காக்கும் என்று நம்பி, அலுமினியத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள். பார்க்கின்சன் நோயுற்ற ஒரு சுரங்கத் தொழிலாளரின் மகளான ஜானிஸ் மார்ட்டெல், 2015-இல் பொடியைச் சுவாசித்தவர்களின் பெயர்களையும் நோய்களையும் தாமே ஒரு பதிவேடாகத் திரட்டத் தொடங்கினார். தொழிலாளருக்கான மருத்துவ மையங்கள் அவரோடு சேர்ந்தன. 2020-இல் வெளியான ஆய்வு அத்தொழிலாளரிடம் பார்க்கின்சன் நோய் மிகுந்திருப்பதைக் காட்டியது. 2022-இல் ஒன்டாரியோ அரசு அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. அந்த முடிவை அப்படியே சிவகாசிக்குப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது, பொடியின் வகையும் அளவும் வேறு. பின்பற்றத் தக்கது அதன் வழி. அங்கே அரசின் பதிவேட்டுக்குக் காத்திராமல் நோயாளர் குடும்பம் முதல் பதிவேட்டை எழுதியது, அலுவலர் அதன் பிறகு வந்து சேர்ந்தார்.

இந்தியாவில் ராஜஸ்தான் இதற்கு அருகில் நிற்கிறது. கல் உடைக்கும், கல் செதுக்கும் தொழிலாளருக்கு ஆண்டுக்கணக்கில் காசநோய் மாத்திரையே கொடுக்கப்பட்டுவந்த நிலையில், பாதிக்கப்பட்டோரும் அவர்களுடைய சங்கங்களும் இடைவிடாது போராடியதன் பயனாக 2019 அக்டோபரில் அம்மாநிலம் நிமோகோனியோசிஸ், அதாவது தூசியால் வரும் நுரையீரல் நோய், குறித்துத் தனிக் கொள்கை வகுத்தது. தொழிலாளர் தாமே விண்ணப்பித்து மருத்துவ வாரியத்தின் முன் நிற்கலாம். சான்று கிடைத்தால் உதவித்தொகை உண்டு. பதிவேடு வந்த பிறகே, சிலிகாசிஸ் என்ற சொல் கல் உடைப்பவரின் வீட்டுப் பேச்சில் சேர்ந்தது. பட்டியலில் இடம்பெறுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு லண்டன் தீப்பெட்டி ஆலைகள் சான்று: தாடை எலும்பை அரிக்கும் பாஸ்பரஸ் நோயைத் தெரிவிப்பது 1895-இல் பிரிட்டனில் கட்டாயமாயிற்று, 1898-இல் ஒரு பெரிய நிறுவனம் நோயாளரை மறைத்ததற்காக அபராதம் கட்டியது. ஏட்டில் நிரப்ப இடம் இருந்ததால்தான், நிரப்பாமல் விட்டது குற்றமாயிற்று.

முதல் வரியை எழுதக்கூடியவர்

விருதுநகர் மாவட்டத்தில் பதிவேட்டிலும் இருந்து, உறவிலும் இருக்கும் ஒரு நோயாளர் ஏற்கெனவே இருக்கிறார். பட்டாசு ஆலையில் வேலை செய்து, காசநோய் வந்து, அரசின் சிகிச்சையில் குணமடைந்த தொழிலாளரே அவர். துணை இயக்குநர் (காசநோய்) அலுவலகம் அவர் பெயரை அறியும். மன்றத்தில் அவர் அமரலாம். ஆலையின் உள்ளமைப்பும் அவருக்குத் தெரியும். 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் பணியிடத்துக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. மூச்சுத்திறனை அளக்கும் கருவியொன்றை அதே மேசையில் வைப்பது பெருஞ்செலவு அன்று. சளியில் கிருமி இல்லை என்று திரும்பும் ஒருவரின் சீட்டில் அவருடைய வேலையை முழுமையாக எழுத வேண்டும் என்று மாவட்ட மன்றத்தில் ஒரு முடிவு எடுத்தால், ஓராண்டில் அந்தச் சீட்டுகளே இவ்வட்டாரத்தின் முதல் பதிவேடாகிவிடும். மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே 2022 முதல் இருக்கிறது, சீட்டுகளை ஆராயத் தொலைவு போக வேண்டியதில்லை.

சீட்டில் வேலையை எழுதும் இடத்தில் ‘கூலி’ என்றோ ‘பட்டாசு வேலை’ என்றோ எழுதினால் பயனில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று அலுவலருக்குச் சொல்லித்தரக்கூடியவர் அங்கே வேலை பார்த்தவர்தான்: மருந்து கலக்கும் அறையா, செலுத்தும் அறையா, கம்பி மத்தாப்பா, திரி வெட்டுவதா, தாள் குழாய் சுற்றுவதா, அறைக்குள் எத்தனை பேர், முகத்தில் துணி கட்டியிருந்தீர்களா, இருமல் முதலில் எந்த மாதம் வந்தது, மொத்தம் எத்தனை தீபாவளிக்கு வேலை பார்த்தீர்கள்.